பாலத்துக் கட்டத்தில் டோமா

சத்தத்தைக் குறைக்காதே அம்மா. நான் திரும்பிப் பார்த்ததும் பயந்துபோய்க் குறைத்துவிட்டாய். கூட்டு. இன்னும் கொஞ்சம். ஆ, அவ்வளவு போதும். "காத்து நம்ம பக்கம்!" கேட்டாயா? உன் போனில் இப்போது கத்தினானே டோமா, அது நான்.

சிரிக்கிறாய். சிரி. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, மடியில் பிளாஸ்க். இவளா டோமா என்று தோன்றும். சொல்லிக் காட்டட்டுமா? "காத்து நம்ம பக்கம்! ஹேய் ஹேய்!" பார், எதிர் சீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மன்னிக்கணும் சார், நீங்கள் தூங்குங்கள்.

சின்னப் பையன்களுக்குப் பெண்கள்தான் குரல் கொடுப்பார்கள். உனக்கு இது தெரியாதா? புயல் தூக்கிக்கொண்டு போன அண்ணனைத் தேடித் தீவு தீவாக அலைகிற ஜப்பான்காரப் பையன் டோமா. தமிழில் அவனுக்குத் தொண்டை என்னுடையது. நீ அப்போது மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்திருப்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையை மாற்றாமல், தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டிருப்பாய். உன் அம்மா திட்டினது காதில் விழுந்திருக்காது. நான் பேசினது விழுந்திருக்கும்.

நீயும் தோழிகளும் சேர்ந்து ஆடுகிறீர்களா? ஒருத்தி ஊரில், ஒருத்தி ஹாஸ்டலில், நீ ரயிலில், ஆனால் போனுக்குள் ஒரே பகடைப் பலகை. நல்ல ஏற்பாடுதான். நீ இதில் யார்? ஹனாவா. சமத்துப் பெண். உன் தோழி டோமாவை எடுத்துக்கொண்டாளாக்கும். நானும் இதே ஆட்டம் ஆடுகிறவள்தான். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? ஞாயிற்றுக்கிழமைதோறும், மதியச் சாப்பாடு ஆனதும். நான் ஆமைத் தாத்தா. ஆமாம், டோமா இல்லை. என் குரல் உள்ள பொம்மையை நான் எடுப்பதற்கு முன்னால் ஒருத்தி எடுத்துவிடுவாள். ஒவ்வொரு வாரமும். அவளைப் பார்க்கத்தான் இப்போது போகிறேன்.

திண்டுக்கல்லில் இறங்குவேன். நீ மதுரையா? சரி. நீ நிறுத்தாமல் ஆடு, ஆடிக்கொண்டே கேள்.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். என் அலறலை ஏண்டி எடுத்தாய்? அவ்வளவுதான். இத்தனை வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருக்கிறேன். அவள் பதில் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவள் பெயர் பிலோமினா. நான் பிலோ என்பேன். என் பெயர் தமயந்தி, அவள் தம்மு என்பாள். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, கூப்பிட விட்டதும் இல்லை. சாலிகிராமத்தில் ஒரு மாடி ஸ்டூடியோ. கண்ணாடி அறைக்குள் ஒரே மைக், நாங்கள் இரண்டு பேர். நான் டோமா. அவள் கருங்கொக்கு ராணி. உனக்கு ஞாபகம் இருக்குமே, பனிமலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு டோமாவைத் தூங்கவிடாமல் செய்வாளே, அவள். ராணி சிரித்தால் நீயெல்லாம் போர்வைக்குள் புகுந்திருப்பாய். நிஜத்தில் பிலோ கரப்பான்பூச்சிக்குப் பயந்து நாற்காலி மேல் ஏறுகிறவள். ராணி மாதிரிச் சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "ரொம்ப மோசமாத் திட்டிட்டேனா தம்மு?" என்று கேட்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு என்ஜினியர் மாசிலாமணி தலையில் அடித்துக்கொள்வான். "பிலோக்கா, அது கார்ட்டூன்! டேக்க கெடுக்காதீங்க!"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சையெல்லாம் முதலில் பதிவு செய்வார்கள். கத்துவது, அலறுவது, அழுவது எல்லாம் கடைசி நாளுக்கு. அலறினால் தொண்டை போய்விடும், மறுநாள் பேச வராது. அதனால் ஒரு பாகம் முழுவதும் பேசி முடித்துவிட்டுக் கடைசி நாளில் வந்து மொத்தமாகக் கத்திவிட்டுப் போவோம். அன்றைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்ப்பார், யாரை அடிக்கிறார்கள் என்று.

முதல் பாகத்தின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? கயிற்றுப் பாலம் அறுந்து டோமா விழுகிறான். எதிர்க்கரையில் அண்ணன் நிற்கிறான். விழுந்துகொண்டே ஒரே அலறல்: "அண்ணா!" அந்த ஓர் அலறலுக்காகத்தான் அத்தனை மாதம் அந்தப் பையனைச் சுமந்தேன் என்று வைத்துக்கொள். வீட்டில் சமைக்கும்போது அதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எங்கே ஏற்றுவது, எங்கே விடுவது என்று. வாய்விட்டுச் சொன்னதில்லை, கலைந்துவிடும் என்று.

கடைசி நாளுக்கு முன்னால் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்டியது என்றால் சாதாரணமாக இல்லை. காற்றுதான் வந்தது. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வாரமும் பிலோ என் வீட்டில்தான் இருந்தாள். பாலில் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுக் கொடுப்பாள். போன் வந்தால் என் குரலில் அவளே பேசுவாள். அப்படியே என் குரல். கேஸ்காரனிடம் பேசினாள், என் அக்காவிடம் பேசினாள், ஒருநாள் என் வீட்டுக்காரரைப் போனில் பிடித்து, "சாயங்காலம் வர்றப்ப வெத்தலை வாங்கிட்டு வாங்க, போன தடவ மாதிரி மறந்துட்டு வந்து நிக்காதீங்க" என்று என்னைவிட நன்றாகத் திட்டினாள். அவரும் வாங்கி வந்தார். நான் சத்தம் வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எதற்காகப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை பார்.

உன் முறை வந்துவிட்டது, பகடையை உருட்டு. ம். காட்டுப் பாதையில் போ. அதுதான் உனக்கு நல்லது.

பிறகு ஒரு சாயங்காலம் டிவியில் அந்தக் கடைசிக் காட்சி வந்தது. எனக்குக் குரல் திரும்பியிருந்தது. ஸ்டூடியோவிலிருந்து கூப்பிடுவார்கள், அலறல் பாக்கி இருக்கிறதே என்று காத்துக்கொண்டிருந்தேன். டிவியில் பாலம் அறுந்தது. டோமா விழுந்தான். அலறினான்.

அது நான் இல்லை.

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அதே சத்தம் கேட்டது. பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி வந்து, "ஆன்ட்டி, சூப்பர் ஆன்ட்டி! எங்கம்மா அழுதுட்டாங்க ஆன்ட்டி!" என்று குதித்தன. நான் தலையாட்டினேன். தெருவுக்கே அது டோமாவின் அலறல். எனக்கு மட்டும் பிலோமினாவின் அலறல். என் குரலைப் போட்டுக்கொண்டு, என் பையனுக்குள் புகுந்து, நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பால் காய்ச்சிக் கொடுத்த அதே வாரத்தில். ஒரு வார்த்தை சொல்லாமல்.

மாசிலாமணிக்குப் போன் செய்தேன். "அக்கா, அவங்க மேல கோபப்படாதீங்க. ஒளிபரப்பு தேதிய மாத்த முடியாதுன்னுட்டாங்க. வேற ஒரு பொண்ண ரெடியா வச்சிருந்தாங்க. அன்னிக்குப் பிலோக்கா மட்டும் வந்து கத்திக் குடுக்கலன்னா, அடுத்த பாகத்துக்கு உங்களையே..." ஏதோ சொல்லிக்கொண்டு போனான். நான் போனை வைத்துவிட்டேன். திருடினவளுக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள்.

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறாய். கேட்டால் அழுவாள். அவள் அழுதால் நானும் அழுதுவிடுவேன், அது எங்கள் வழக்கம். அப்புறம் நியாயம் எங்கே கிடைக்கும்? ஸ்டூடியோ முதலாளியிடம் போனேன். "அடுத்த பாகத்துல அவ இந்தக் கதவால உள்ள வந்தா, நான் அந்தக் கதவால வெளியே போயிடுவேன்" என்றேன். அவருக்கு டோமா வேண்டும். ராணிக்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். கிடைத்தார்கள். இரண்டாம் பாகத்தில் ராணி சிரித்தால் எவர்சில்வர் பாத்திரக் கடையில் பூனை புகுந்த மாதிரி இருக்கும், கவனித்திருப்பாயே. என்னதான் இருந்தாலும் பிலோவின் சிரிப்பு வராது. வராவிட்டால் போகட்டும்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டினாள். "தம்மு, கதவைத் தொறடீ. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்." நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். டோமா ஓடிக்கொண்டிருந்தான், பழைய பகுதி. "காத்து நம்ம பக்கம்! காத்து நம்ம பக்கம்!" அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். இன்னும் கூட்டினேன். கூட்டிக் கூட்டி வீடே டோமாவாகிவிட்டது. கதவுக்கு அடியில் அவள் செருப்பின் நிழல் தெரிந்தது. அந்தப் பகுதி முடியும் வரை அது அங்கேயே இருந்தது. கடைசிப் பாட்டு வந்ததும் போய்விட்டது. என் குரலை எடுத்தவளை என் குரலாலேயே விரட்டினேன். எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும், சொல்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பெரிய வேடம் எதுவும் வரவில்லை. இந்தத் தொழிலில் ஓர் இடத்தில் கதவு சாத்தினால் அடுத்த தெருவரை சத்தம் கேட்கும். கூட்டத்தில் கத்தப் போனாள். சினிமாவில் கல்லெறிகிற கூட்டம், தேர் இழுக்கிற கூட்டம், சாவு வீட்டு ஒப்பாரி, இதற்கெல்லாம் நாலைந்து பேரை மைக் முன்னால் நிறுத்திக் கத்த விடுவார்கள். காலையில் தொடங்கினால் பொழுது சாயும் வரை கத்தல்தான். எங்களுக்குக் கடைசி நாளில் மட்டும் வருவது அவளுக்கு எல்லா நாளும். மாசிலாமணி எப்போதாவது சொல்வான், "பிலோக்கா தொண்ட நல்லால்லக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..." என்று. கத்தத்தானே ஆசைப்பட்டாய், கத்து என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை வீட்டுக்காரரோடு தியேட்டருக்குப் போயிருந்தேன். படத்தில் ஒரு கலவரம். ஆயிரம் பேர் ஓடுகிறார்கள், கூச்சல். நடுவில் ஒரு பொம்பளை, "ஐயோ, பிள்ளை கீழ விழுந்துடுச்சு, மிதிக்காதீங்க!" என்று கத்தினாள். கையிலிருந்த பாப்கார்ன் கொட்டிவிட்டது. "என்ன ஆச்சு?" என்றார். "பிலோ" என்றேன். "எங்கே?" என்று இருட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தார் பாவம். அவருக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் தொண்டையில் அந்தத் தொண்டை எனக்குத் தெரியும். பகையாளி என்றால் அப்படித்தான். ஒரு மூச்சை விட்டால்கூடத் தெரிய வேண்டும்.

அப்புறம் அவள் சென்னையை விட்டே போய்விட்டாள். திண்டுக்கல்லில் அண்ணன் வீடு. எனக்கும் குரல் தடித்தது, டோமாவும் முடிந்தான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். வீடு அமைதியாகிவிட்டது. நான் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

இந்த வருஷம் மாசிலாமணி கூப்பிட்டான். "அக்கா, டோமாவ வச்சுப் போன்ல ஒரு பகடையாட்டம் வந்திருக்கு. நாலு பேர் சேர்ந்து ஆடறது. தமிழுக்குப் புதுசா யாரையும் பேச வைக்கல. நம்ம பழைய டேக்கயே வெட்டிப் போட்டிருக்காங்க. உங்க குரலுக்கா!" உடனே, "கருங்கொக்கு ராணி இருக்காளா?" என்றேன். "இல்லக்கா. டோமா, ஹனா, ஆமைத் தாத்தா, நண்டு. அவ்வளவுதான்." அன்றைக்குச் சர்க்கரையைக் கூடவே போட்டு ஒரு காபி குடித்தேன்.

அவனே போனில் எல்லாம் போட்டுக் கொடுத்தான். முதல் ஞாயிறு உள்ளே போய்ப் பார்த்தால், அவன் ஹனா. நண்டை ஆட்டமே நகர்த்தும். டோமாவை யாரோ எடுத்திருந்தார்கள். மேலே பெயர் இருந்தது, பிலோ என்று.

"யாரக் கேட்டு இவளச் சேர்த்த?" என்றேன். மைக் திறந்திருந்தது, அவள் காதிலும் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னேன். "கொறஞ்சது மூணு பேராவது வேணும்லக்கா" என்று வழிந்தான். போனை அணைக்கப் போனேன். அப்போதுதான் அவள் பகடை விழுந்து, டோமா ஓடி, பாலத்துக் கட்டத்தில் போய் நின்றான். அடுத்தது நண்டு. அதுவும் அதே கட்டத்துக்கு வந்து இடித்தது. உனக்குத்தான் தெரியுமே. பாலத்தில் ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் வந்தால், முதலில் நின்றவர் கடலில் விழ வேண்டும். சேர்த்த முத்தெல்லாம் போகும், தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

டோமா விழுந்தான். "அண்ணா!"

அந்த அலறல். அதே அலறலை வெட்டி வைத்திருந்தார்கள். டோமா ஓடினால் நான், குதித்தால் நான், ஜெயித்தால் நான். விழும்போது மட்டும் அவள். எவ்வளவு பொருத்தம் பார்த்தாயா? கடவுளே உட்கார்ந்து செய்த ஆட்டம் மாதிரி இருந்தது எனக்கு. நான் போனை அணைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. நீங்களெல்லாம் ஜெயிப்பதற்காக முத்துச் சேர்த்து நட்சத்திரச் சங்கு வாங்குகிறீர்கள். நான் ஒரு சங்கு வாங்கினதில்லை. எல்லா முத்துக்கும் காற்றுச் சீட்டு வாங்குவேன். அது இருந்தால் பகடை சொல்கிற இடத்துக்குப் போக வேண்டாம், நாம் நினைத்த கட்டத்துக்குப் போகலாம். நான் நினைத்த கட்டம் ஒன்றுதான். ஆமைத் தாத்தா ஆடி அசைந்து வருவார், பாலத்தில் நிற்கிற டோமாவின் முதுகில் ஒரே இடி. "அண்ணா!" கேட்கக் கேட்க என் காது குளிரும். எடுத்தாய் அல்லவா, கத்து. இன்னும் கத்து.

"அக்கா, ஒரு தடவையாவது ஜெயிக்கப் பாருங்கக்கா. எல்லா ஞாயிறும் கடைசியில வர்றீங்க" என்பான் மாசிலாமணி.

"ஜெயிக்கவா வந்தேன்?"

"ஆமைத் தாத்தா கதையில சாதுக்கா. நீங்க அவர ரவுடியாக்கிட்டீங்க."

அவள் வாயே திறக்கவில்லை. இத்தனை வாரமும் ஒரு வார்த்தை இல்லை. நான் விடுவேனா? "ஏண்டி பிலோ, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பேன். "பேசுடி. என் குரல்ல அப்படிப் பேசத் தெரிஞ்சவளுக்கு, சொந்தக் குரல்ல பேசத் தெரியாதா?" என்பேன். மாசிலாமணி இருமுவான். அவள் பக்கமிருந்து ஒரு சிரிக்கிற நண்டுப் படம் வரும். திமிர். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்வாள். பொம்மையை விரலால் தொட்டால் அது பேசும் அல்லவா? தன் முறைக்குக் காத்திருக்கும்போதெல்லாம் டோமாவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். "காத்து நம்ம பக்கம்! நான் ரெடி! காத்து நம்ம பக்கம்!" ஓயாமல். நான் எந்தக் காலத்திலோ பேசினதை எடுத்து, நாய்க்குட்டியைக் குரைக்க வைக்கிற மாதிரி என்னைக் குரைக்க வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எப்படி இருக்கும்?

ஆனால் ஆட்டம் அவளுக்கு வரவே இல்லை. தீவின் நடுவில் பாதை பிரிகிறதே, வலப்பக்கம் காடு, இடப்பக்கம் பாலம். காட்டில் போனால் ஓர் ஆபத்தும் இல்லை. இவள் எப்போதும் பாலம்தான். அதுகூடப் பரவாயில்லை. நங்கூரச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, பாலத்துக்கு வந்ததும் அதைப் போட்டு அங்கேயே நின்றுவிடுவாள். நான் துரத்த வேண்டியதே இல்லை. வந்து, நின்று, முதுகைக் காட்டிக்கொண்டிருப்பாள். விழுவாள். அலறுவாள். தொடக்கத்திலிருந்து மறுபடி நடந்து மறுபடி பாலத்துக்கே வருவாள். குற்ற உணர்ச்சி என்று முடிவு செய்தேன். தண்டனையை வாங்கிக்கொள்ளத்தான் வருகிறாள். அந்த நினைப்பே எனக்கு ஒரு வாரம் முழுக்கப் போதுமானதாக இருந்தது. திங்கள் போகும், செவ்வாய் போகும், ஞாயிறு எப்போது வரும் என்று இருப்பேன். பகை இருந்தால் வாரத்துக்கு ஒரு வடிவம் வந்துவிடுகிறது அம்மா.

இந்தா, முறுக்கு எடுத்துக்கொள். உன் தோழிக்கு முறை வந்திருக்கிறது போல. ஆடட்டும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். ஒரு ஞாயிறு பாதியில் டோமா சாம்பல் நிறமாகிவிட்டான். ஆள் இல்லை என்றால் அப்படித்தானே ஆகும். பாலத்திலேயே நிற்கிறான், நான் பின்னால் வந்துகொண்டிருக்கிறேன், கையில் காற்றுச் சீட்டு இருக்கிறது. ஆனால் ஆள் இல்லாத பொம்மையை இடித்தால் அது அலறாது. சும்மா மறைந்துவிடும். காத்திருந்தேன். அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "ஓடிட்டாளா? பயந்துட்டாளா? ஜெயிக்கிற வரைக்கும் திருடுவா, தோக்கப் போறான்னா ஓடிடுவா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்ன? அவ்வளவு கர்வமா அந்தத் தொண்டைக்கு?" என்று மைக்கில் பொரிந்துகொண்டிருந்தேன்.

"அக்கா, போதும்" என்றான் மாசிலாமணி. அவன் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "போதும்க்கா. அவங்களுக்குத் தொண்டையே இல்ல."

"என்னடா உளர்ற?"

"போன வருஷமே குரல்வளைய எடுத்துட்டாங்கக்கா. மதுரையில ஆபரேஷன். கழுத்துல ஓட்ட போட்டுத்தான் மூச்சு. ஒரு சத்தம் வராது. இப்ப கட்டி மறுபடியும் வந்திருக்கு. போனப் பிடிக்கக்கூடத் தெம்பில்ல, அதான் வரல. இந்த ஆட்டத்த ஏற்பாடு பண்ணச் சொன்னதே அவங்கதான். 'தம்மு வருவாளா'ன்னு மெசேஜ் போட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

அணைக்கிற பொத்தானைத் தேடினேன்.

"அக்கா, அவங்க ஏன் எப்பவும் பாலத்துலயே போய் நிக்கிறாங்கன்னு நெனைக்கிறீங்க? நீங்களும் அவங்களும் ஒரே வாயில இருக்கறது அந்த ஒரு எடத்துலதான்க்கா. அவங்க சத்தம்..."

போனை வைத்துவிட்டேன். இந்த மாசிலாமணியிடம் அந்தக் காலத்திலிருந்தே இதுதான் தொல்லை. கேட்காததையெல்லாம் சொல்வான்.

அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

இரக்கப்பட்டுப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. உன் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் நினைக்கிறாய் என்று தெரிகிறது. குரல் போனால் கணக்குத் தீர்ந்துவிடுமா? எனக்கு இதைவிட நல்ல சமயம் வராது. நான் கேட்பேன், அவள் எதிர்த்துப் பேச முடியாது. அழுதால்கூடச் சத்தம் வராது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரப் போகிறேன். போனை அவள் கையில் கொடுத்து, தெம்பில்லை என்றால் நானே பிடித்துக்கொண்டு, பலகையைத் திறக்கப் போகிறேன். அவள் டோமா. அவள் பாலத்துக்கு வருவாள். நான் இடிப்பேன். இத்தனை வாரம் தள்ளினேனே, விழும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும். அந்த அலறல் வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு. எத்தனை தடவை வேண்டுமானாலும் தள்ளுவேன். அவள் போதும் என்று கையைக் காட்டுகிற வரைக்கும்.

பிளாஸ்க்கிலா? பால். மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டது. எனக்குத்தான், ரயில் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு டம்ளரா? ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தது, அப்படியே எடுத்து வந்துவிட்டேன். நீ ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? ஜன்னலை இறக்கிவிடு, தூசி வருகிறது.

அதோ தூரத்தில் பாறை தெரிகிறது பார், மேலே கோட்டையோடு. அது வந்துவிட்டால் ஊர் வந்துவிட்டது. பையை எடுத்துக் கொடு. இரு, இரு, எழுந்திருக்காதே. பலகையைக் காட்டு. உன் தோழியின் டோமா எங்கே நிற்கிறான்? பாலத்திலா! உன் ஹனா அவனுக்குப் பின்னால்தானே இருக்கிறாள்? காற்றுச் சீட்டு இருக்கிறதா உன்னிடம்? போடு. யோசிக்காதே, போடு. தோழி கோபித்துக்கொள்ள மாட்டாள். சத்தத்தை முழுசாகக் கூட்டு. சார், ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டாயா?

இது நான் இல்லை. "ணா" என்று நீட்டிக்கொண்டு போகும்போது கடைசியில் மூச்சு ஓர் இடத்தில் உடைகிறது, கவனித்தாயா? நான் அதை மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த உடைவு எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

அவள் பெயர் பிலோமினா. உன் தோழிகளிடம் சொல்.

வண்டி இன்னும் நிற்கவில்லை. அவன் திரும்பிப் பாலத்துக்கு வந்ததும் இன்னொரு தடவை தள்ளு.